சூப்பர் சீட்

'சூப்பர்சீட்' என்ற ஆங்கில வினைச்சொல்லை யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண்டியில் ஒரு தனியார் பாடசாலையின் அலுவலகத்தில் பதினோரு வருடமாக நான் கிளார்க். தலைமைக் கிளார்க் ஓய்வு பெறப் போகிறார், அடுத்த மாதம் முதல் அந்த இடம் எனக்கு என்று கடிதமும் கொடுத்துவிட்டார்கள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயாசம்.

இரண்டு வாரத்தில் ஆங்கிலத்தில் இன்னொரு கடிதம் வந்தது. வத்தேகம ஊரிலிருந்து வரும் பக்கத்து மேசைக்காரியிடம் நீட்டினேன். என்னைவிட ஆறு வயது இளையவள். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"இந்தக் கடிதம் பழசை சூப்பர்சீட் பண்ணுதாம் அக்கா."

"அப்படின்னா?"

"சூப்பர் சீட்! முந்தி சொன்னதவிட நல்ல இடம் தரப்போறாங்க. கீழ சைன் வச்சுக் குடுங்க, அவ்வளவுதான்."

சூப்பர் என்றால் நல்லது, சீட் என்றால் கதிரை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பல்லெல்லாம் தெரியக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாம் தேதி போனால் அந்தக் கதிரையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அதிபரிடம் ஓடினேன். "நீங்கதானே மிஸ் சம்மதம்னு சைன் வச்சீங்க?" என்றார்.

பஸ்ஸில் நின்றபடியே போனில் அகராதியைத் தேடினேன். முன்னதைத் தள்ளிவிட்டு அதன் இடத்துக்கு வருவது என்று அர்த்தம் போட்டிருந்தது. மூலம் லத்தீனாம். மேலே என்பதற்கு ஒரு சொல், உட்காருவதற்கு ஒரு சொல், இரண்டும் சேர்ந்து மேலே ஏறி உட்காருவது. அடிப்பாவி! சீட் என்று அவள் சொன்னதுகூடப் பொய்யில்லை.

மறுநாள் கேட்டேவிட்டேன். கண் கலங்கினாள். "ஐயோ அக்கா, சத்தியமா எனக்கும் அந்தச் சொல்லு தெரியாது. வாசிச்சத சும்மா சொன்னேன்." என் மனது இளகிப் போய்விட்டது. வயசுப் பிள்ளையைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த கிழமை பழைய கோப்புகளை அடுக்கும்போது அந்த இரண்டாவது கடிதத்தின் வரைவு கையில் அகப்பட்டது. டைப் பண்ணுவதற்கு முன் கையால் எழுதியது, அவளுடைய எழுத்து. அந்தச் சொல்லுக்கு மேலே பென்சிலில் தமிழில் 'இரத்துச் செய்து மாற்றுதல்' என்று குறித்து வைத்திருந்தாள்.

எனக்கு ஆங்கிலம் அரைகுறை என்பது அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவளிடம் மட்டும் நானே சொல்லியிருந்தேன்.