கேள்வியிலேயே கதிர்வீச்சு

தொலைபேசியில் கருத்துக் கேட்பவளைத் திட்டாத வீடு ஒஸ்லோவில் இல்லை. நீங்கள் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து அழைப்பது நான்தான். வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான்தான். ஆகவே அவதியில் நாமெல்லாம் ஒரே பக்கம்.

பள்ளிக்கூடம் முடிய இந்த வேலைக்குப் போனேன். அணுமின் நிலையம் பற்றிச் சனத்திடம் கேட்கச் சொல்லி ஒரு கட்சி எங்கள் அலுவலகத்தைக் காசுக்கு அமர்த்தியிருந்தது. சனம் வேண்டாம் என்றால் கட்சியும் எதிர்க்கும். எதிர்த்தால், கரையோர ஊரொன்றில் நிலையம் கட்ட ஆயத்தம் செய்யும் சின்ன நிறுவனம் மூடப்படும். அங்கேதான் என் அக்கா வதனி பொறியியலாளர். மூடினால் அணு உலை வேலை தேடிப் பின்லாந்துக்குத்தான் அவள் போகவேண்டும். ஒஸ்லோவின் குரோருட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் அவளுடைய சூட்கேஸ் பாதி அடுக்கியபடி கிடந்தது.

புதுக் கேள்வி

முதல் நாள் கேள்வி நேரானது: "நோர்வேயில் அணுமின் நிலையம் கட்டலாமா?" பதில்கள் ஏறக்குறையச் சரிபாதி. மறுநாள் எங்கள் மேற்பார்வையாளர் ஹில்ட வேறொன்றைத் தந்தா: "தலைமுறை தலைமுறையாக நஞ்சாகவே கிடக்கும் கழிவைப் பிள்ளைகளின் தலையில் கட்டும் அணுமின் நிலையத்தை விரும்புகிறீர்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்படிக் கேட்டால் யார் ஓம் என்பார்கள்?" என்றேன். ஹில்ட மூக்கால் சிரித்தா. (அந்தச் சிரிப்பை நான் அச்சொட்டாகச் செய்வேன்.) "பதில் கட்சிக்கு ஏற்கெனவே தெரியும், செல்லம். கேள்விதான் தேவைப்பட்டது."

ஹவுகன்ஸ்டுவா அங்கிள்

தமிழ்க் குரல் கேட்டதும், ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் இருக்கும் இந்த அங்கிள் மனம் திறந்தார். "கறண்ட் விற்கிற விலையிலை ஹீற்றர் போடவே பயமாக்கிடக்கு. ஆனா அணு வேண்டாம், பிள்ளை குட்டியளோட இருக்கிறம்."

"சுவீடனிலை இருந்து வாற கறண்டிலை அணு உலைக் கறண்டும் கலந்துதானே வருது, அங்கிள்?"

"அது சுவீடன்காரன்ரை பயம், பிள்ளை. எங்களுக்கு வயர் மட்டும்தானே வருது!"

ஆட்டுப் பண்ணைக்காரர்

செர்னோபில் வெடித்தபோது மழையோடு வந்த கதிர்வீச்சு இவருடைய மேய்ச்சல் மலையிலும் இறங்கியதாம். அதன்பின் ஆடுகளை வெட்டுமுன் கதிர்வீச்சு அளப்பார்கள்; கூடியிருந்தால் மலையிலிருந்து இறக்கி வேறு தீனி போடவேண்டும். பயப்பட இவரைவிட உரிமையுள்ளவர் யார்? நான் கேள்வியை வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"என்னை வெருட்டாதே, பெண்ணே. எனக்குப் பயமும் தெரியும், அளக்கவும் தெரியும். ஒழுங்காகக் கேள்."

ஹில்டவின் குரல்

அந்த வார்த்தை காதைவிட்டுப் போகவில்லை. ஹில்ட சாப்பிடப் போனதும் அவவின் மைக்கைப் பிடித்தேன். அவவின் மூக்குக் குரலிலேயே எல்லா ஹெட்போனுக்கும் உத்தரவு: "எல்லோரும் பழைய கேள்விக்குத் திரும்புங்கள், செல்லங்களே!" திரும்பினார்கள்! அன்று பின்னேரம் சனம் யோசித்துப் பதில் சொன்னது. "கட்டலாம்", "கூடாது", "முதலில் விளக்குங்கள்" என்று எல்லாம் வந்தன.

ஹில்ட கண்டுபிடித்து அந்தப் பதில்களையும் அழித்தா, என்னையும் வேலையிலிருந்து நிற்பாட்டினா. "மக்கள் அஞ்சுகிறார்கள்" என்று கட்சி அறிவித்தது. அக்காவின் நிறுவனம் மூடப்பட்டது.

வீட்டில் ஹில்டவின் குரலில் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு பின்னேரமாவது இந்த நாட்டிலை ஒழுங்காக் கேட்டிருக்கிறாயடி. வா, இதுக்கு மேலை ஏறி இரு, சூட்கேஸ் பூட்டேலாமக் கிடக்கு."

அணு உலை கட்ட ஆண்டுக்கணக்காகுமாம். அதைப் பற்றிய பயத்தைக் கட்ட எங்களுக்கு ஒரு தொலைபேசியும் ஒரு நீட்டுக் கேள்வியும் போதுமாயிருந்தது.