மூடிய குழாய்க்குள்ளிருந்து வந்த தட்டு

ராஸ் அல் கைமா மலைப்பக்கம் காரில் போனால், பாறையை வெட்டி வளைந்து வளைந்து ஏறும் ரோடு ஒன்று வரும். அந்த ரோடு நான் போட்டது. அதன் ஓரமாகவே மண்ணுக்கு அடியில் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, அதைப் பதித்தவனும் நான்தான். மேட்டில் நிற்கிற தண்ணீர்த் தொட்டி, இறக்கத்தில் இருக்கிற சின்னப் பாலம், ஷார்ஜாவில் ஒரு ரவுண்டானா, அஜ்மானில் கடல் அரித்துக்கொண்டே இருந்த ஒரு கரைச்சுவர், எல்லாம் நான் பக்கத்தில் நின்று முடித்த வேலைகள். படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போய்விடுவேன். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு போனவன், எண்பதுகளில் ஒரு பெரிய கூட்டத்துக்கே ஃபோர்மேன். வரைபடத்தை எந்தப் பக்கம் மேலே வைத்துப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் நான் நின்ற சைட்டில் வேலை நின்றதில்லை.

இதை முதலில் சொல்லிவிடக் காரணம், நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பேய், ஆவி என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். கேம்பில் எவனாவது ராத்திரி எதையோ பார்த்தேன் என்று சொன்னால், மறுநாள் அவனுக்கு இரண்டு ஆள் வேலை கொடுப்பேன், பயம் தானாகப் போய்விடும். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், இது ராத்திரியில் நடக்கவே இல்லை. ஜூலை மாதத்து நடுப்பகலில், நிழலே விழாத வெயிலில் நடந்தது.

அந்த மலையடிவாரத்துக் கிராமத்தில் அப்போது உப்புத் தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். குடிக்கிற தண்ணீர் டேங்கர் லாரியில் வர வேண்டும், லாரி வர ரோடு கிடையாது, ஆற்றுக்குள் இறங்கித்தான் வரும். ஆறு என்றால் தண்ணீர் ஓடும் ஆறு இல்லை, வெறும் கல். அங்கே வாதி என்பார்கள். நாங்கள் போன பிறகு ரோடு பாதி வரைக்கும் தார் ஏறிவிட்டது. மீதிக்குத் தார் போட வேண்டுமானால் குழாய் முடிய வேண்டும், குழாய் முடிய வேண்டுமானால் வாதியைத் தாண்டுகிற கடைசித் துண்டை டெஸ்ட் பண்ண வேண்டும். இரண்டு முனையையும் கனத்த இரும்பு மூடி போட்டு முறுக்கி, தண்ணீர் நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். மறுநாள் காலையில் அரசாங்கத்துப் பெரியவர் வந்து கிராமத்துக் குழாயைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. அவசரத்தில் டெஸ்ட் தண்ணீரிலேயே பிளீச்சிங் பவுடரையும் கலந்துவிட்டோம். பின்னால் வரும், அதனால் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

அந்தக் குழாய் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அகலம். மூடுவதற்கு முன்னால் ஆட்கள் உள்ளே போய் மண்ணைக் கூட்டித் துடைத்துவிட்டு வர வேண்டும். எங்கள் சைட்டில் அதற்கு நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். உள்ளே போகிறவன் செருப்பைக் குழாய் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், வெளியே வந்தால்தான் எடுத்து மாட்ட வேண்டும். வாசலில் ஒரு செருப்பு கிடந்தாலும் மூடி ஏறாது. பெயர் கூப்பிட்டு எண்ணினால் எவனாவது தூக்கத்தில் இன்னொருத்தனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிடுவான், செருப்பு பொய் சொல்லாது. உள்ளே இருக்கிறவன் இரண்டு தட்டு தட்டினால் நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று மூன்றாக விடாமல் தட்டினால், என்னை வெளியே இழு என்று அர்த்தம்.

அன்றைக்கு வாசலில் செருப்பு இல்லை. மூடியை ஏற்றி முறுக்கினோம், தண்ணீர் நிரம்பியது, ஆட்கள் சாப்பாட்டுக்குத் தார்ப்பாய் நிழலுக்குப் போனார்கள். மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் டைம்கீப்பர் சிவபாலன், யாழ்ப்பாணத்துப் பையன், வாயைத் திறந்து தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டான். அவன் எழுந்து என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. உள்ளுக்க ஆரோ தட்டுகினம்."

"காத்து அடைச்சிருக்கும்லே. முள்ளு இறங்குதா?"

"முள்ளு அசையேல்லை. நீங்கள் வந்து கேளுங்கோ."

போனேன். குழாயின் இரும்பு கையை வைக்க முடியாமல் கொதித்தது. சுத்தியலை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து மூன்று. நிறுத்தி, மூன்று. நிறுத்தி, மறுபடி மூன்று. காற்று அடைத்தால் குழாய் முனகும், உறுமும், எனக்குத் தெரியாததா. காற்றுக்கு எண்ணத் தெரியாது.

எல்லோரையும் நிழலிலிருந்து கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தேன். ஒருவன் குறைந்தான். என் தங்கை மாப்பிள்ளை ஆரோக்கியம். நானே விசா எடுத்துக் கூட்டிவந்தவன், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தங்கைக்கு அப்போது நிறைமாதம்.

"அவன் காலையில கூட்டப் போனான்லா, வெளிய வந்தானா?" என்றேன்.

"செருப்பு இல்லையே ஃபோர்மேன், அப்ப வந்துருப்பான்," என்றான் ஒருவன்.

சிவபாலன் என் கையைப் பிடித்துத் தள்ளி அழைத்துக்கொண்டு போனான். "அண்ணை, அவன் போன கிழமை பர் துபாயில புதுச் செருப்பு வாங்கினவன். களவு போயிடும் எண்டு வாசல்ல வைக்கிறேல்லை. இடுப்பில செருகிக்கொண்டுதான் உள்ளுக்குப் போறவன். நான் ரெண்டு தரம் பாத்தனான்."

ஒரு குழாய்த் துண்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் சட்டத்தை என் மாப்பிள்ளையே இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறான். உள்ளே தண்ணீர் விளிம்பு வரைக்கும் அழுத்தமாக நிற்கிறது. அப்படியானால் தட்டுவது யார் என்று அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, தட்டு வருகிறதே, ஆள் உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான் மண்டையில் ஓடியது.

எஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். வடநாட்டுக்காரர், சத்தம் போடாமலே மிரட்டுவார். தண்ணீரை இறக்கினால் மறுபடி நிரப்ப டேங்கர்கள் வர வேண்டும், நாளைக்குத் திறப்பு நடக்காது, வால்வில் கை வைத்தால் உன் விசாவுக்கு இன்றைக்கே கலாஸ், முடிந்தது கதை என்றார். எனக்குக் கோபம் வந்தால் ஹிந்தி போய்விடும். தமிழிலேயே சொன்னேன்.

"கேன்சல் பண்ணும்வே. என் தங்கச்சிக்கு நீரு போயி பதில் சொல்லுவீரா?"

அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, ஆனாலும் ஓரமாக ஒதுங்கினார். பள்ளத்திலிருந்த வால்வை நானே திறந்தேன். அத்தனை தண்ணீரும் காய்ந்த வாதியில் பாய்ந்து ஓடியது, எங்கிருந்தோ ஆடுகள் வந்து குடித்தன. கிராமத்துக்காரர்கள் மேட்டில் நின்று தங்கள் தண்ணீர் கல்லுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இறங்க இறங்கத் தட்டு மெலிந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தைவிட, அது நின்றதுதான் என்னைக் கொன்றது.

இரண்டு பக்கத்து மூடியையும் கழற்றச் சொல்லிவிட்டு, என் செருப்பை வாசலில் விட்டு, டார்ச்சோடு நானே உள்ளே போனேன். வேறு ஆளை அனுப்ப மாட்டேன், அது என் பழக்கம். உள்ளே பிளீச்சிங் வாசம் கண்ணைக் கரித்தது. மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக முதுகில் விழுந்தது, கைக்கு அடியில் தண்ணீர் சளசளத்தது. "மாப்ள, மாப்ள" என்று கத்திக்கொண்டே தவழ்ந்தேன், என் குரலே எனக்கு முன்னால் ஓடித் திரும்பி வந்தது.

நடுவில் ஓர் இடத்தில் கையை வைத்தேன், தண்ணீர் இல்லை. டார்ச்சைத் திருப்பினேன். ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிப்பானோ, அவ்வளவு இடம் காய்ந்து கிடந்தது. வெறுமனே ஈரம் வடிந்த காய்வு இல்லை, தூசி பறக்கிற காய்வு, தொட்டால் விரலில் மாவு ஒட்டியது. மேலே பார்த்தேன், அந்த இடத்துக்கு மேலேயும் ஒரு சொட்டு இல்லை. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அழுத்தத்தில் நிறைந்து நின்ற குழாய் அது, ஒரு விரல் இடம் விடாமல் நிறைந்து நின்றது, மீட்டர் சொன்னது, நான் பார்த்தேன். அந்தக் காய்ந்த இடத்தின் ஓரத்தில் ஒரு ஜோடி புதுச் செருப்பு, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தபடி. அடியில் ஒட்டிய கடைச் சீட்டுக்கூட நனையவில்லை. இடம் லேசாகச் சூடாக இருந்தது, இப்போதுதான் எழுந்து போன பாய் இருக்குமே, அந்தச் சூடு.

செருப்பை எடுத்துக்கொண்டு மறுமுனை வரைக்கும் தவழ்ந்து வெளியே வந்தேன். உள்ளே ஆள் இல்லை. முழுக் குழாயையும் கடந்து வந்தவன் சொல்கிறேன், இல்லை.

அந்த முனைக்கு அப்பால், தார் ஏறாத ரோட்டோரத்தில், மிச்சக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தோம். எதோடும் சேராத, இரண்டு பக்கமும் திறந்த வெறும் குழாய்கள். அதில் ஒன்றிலிருந்து ஒரு தலை நீண்டது. ஆரோக்கியம் இறங்கி வெறுங்காலோடு சூட்டில் தத்தித் தத்தி வந்தான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான், சட்டை நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கிட்டே வந்ததும் பிளீச்சிங் வாசம்.

"எங்கல போய்த் தொலஞ்ச?" என்று ஓங்கி ஓர் அறை விட்டேன், உடனே கட்டிப் பிடித்துக்கொண்டேன், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது.

அவன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு என்னைக் கோபமாகப் பார்த்தான். "நீரு நல்ல ஆளு மச்சான். அத்தன தடவ கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்காம என் மேலயே தவந்து போறீரு."

எஞ்சினியர் சிரித்தார். உள்ளே கூட்டிவிட்டு வந்து, வெயில் தாங்காமல் டேங்கரில் தலையைக் காட்டி நனைத்துக்கொண்டு, வெறும் குழாயில் படுத்துத் தூங்கியிருக்கிறான், செருப்பை மறந்து உள்ளேயே விட்டிருக்கிறான், இதற்குப் போய் ஒரு நாளைக் கெடுத்தாய் என்றார். இருக்கலாம். படித்தவர் சொல்வது. ஆனால் டேங்கரில் இருந்தது வெறும் தண்ணீர், பவுடர் கலந்தது குழாய்க்குள்தான். ஆரோக்கியத்தின் கருஞ்சிவப்புச் சட்டை காய்ந்தபோது வெளுத்துப் போயிருந்தது, அங்கங்கே இல்லை, முழுதும். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தபோதே அந்த வெறும் குழாய்களைத் தாண்டித்தான் நாங்கள் எல்லோரும் தேடிக்கொண்டே ஓடினோம், ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தோம்.

விசா போகவில்லை. அன்று ராத்திரி முழுக்க டேங்கர்களை ஓட்டவைத்து மறுபடி நிரப்பினேன், முள் ஆடாமல் நின்றது, காலையில் திறப்பு நடந்தது. கிராமத்துப் பெண்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் தண்ணீரைக் கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். அடுத்த மாதம் தாரும் போய்ச் சேர்ந்தது. கல்வெட்டில் அரபியில் நாலு பெயர், இங்கிலீஷில் நாலு பெயர். என் பெயர் எந்த மொழியிலும் இல்லை. அது கிடக்கட்டும்.

கேம்பில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் ஆரோக்கியத்துடையது. திறப்பு முடிந்த அன்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் சாதாரணமாகக் கேட்டான்.

"மச்சான், உம்ம பின்னால வந்த ஆளு யாரு?"

"எங்கலே?"

"குழாய்க்குள்ள. நீரு என்னத் தாண்டிப் போனீருல்லா, உமக்குப் பின்னாலயே ஒருத்தரு வந்தாரு. அவருதான் என் கையப் புடிச்சு இழுத்தாரு. அதுக்கப்புறம் வெளிச்சம், ரோட்டோரம். அவரு அப்படியே உம்மகூடப் போயிட்டாரு."

"மூஞ்சி பாத்தியா?"

"இல்ல, குனிஞ்சே வந்தாரு. ஒரு கையால என்ன இழுத்தாரு, இன்னொரு கையால உம்ம இடது கணுக்காலப் புடிச்சிருந்தாரு. நீரு இழுக்க இழுக்க அவரு வந்தாரு."

நான் டீயைக் கீழே வைத்தேன். உள்ளே தவழ்ந்தபோது இடது கால் கனத்ததை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரம் எதிலோ மாட்டியிருக்கிறது என்று நினைத்து இரண்டு முறை உதறிப் பார்த்தேன், விடவில்லை. வெளியே வந்து பார்த்தபோது சாரம் கிழியவில்லை. இன்றைக்கும் படுக்கையில் அந்தக் கால் போர்வைக்கு வெளியே நீண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வராது, மடக்கி உள்ளே வைத்துக்கொண்டால்தான் வரும்.

ஆரோக்கியம் இப்போது ஊரில்தான் இருக்கிறான், பேரப்பிள்ளைகளோடு. வந்தவர் அந்தோணியார்தான் என்று முடிவு கட்டிவிட்டான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே, வேறு யார் வருவார் என்கிறான். வருஷா வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலில் அசனம் போடுகிறான், ஊரே சாப்பிடுகிறது, என்னை உயிரோடு மீட்டவர் இவர் என்று மைக்கில் சொல்லி அழுகிறான். என்னையும் பந்தியில் உட்காரவைத்து இலை போடுகிறார்கள், விருந்தாளி மாதிரி.

அந்தோணியாரோடு எனக்குச் சண்டை இல்லை. வந்தது அவரா, அந்த வாதியில் முன்பு என்றைக்கோ தொலைந்த யாரோ ஒருவனா, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் வால்வைத் திறந்தது இந்தக் கை. உள்ளே போனது நான். வந்தவர் யாராக இருந்தாலும் அவருக்குத் தனியாக வழி தெரியவில்லை, என் காலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். இதை அச்சில் போடுகிறவர்கள் அதைச் சேர்த்துப் போடுங்கள், லூர்து ஃபோர்மேன் காலைப் பிடித்து வந்தார் என்று, என் பெயரோடு.