அண்ணனுக்காக ஒரு ஆமென்

எம். புதுப்பட்டியில் நடந்த பட்டாசு வெடிவிபத்தில் என் அண்ணன் இறந்துபோனான். எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவள். அவன் கடைசிவரை குலசாமியைத்தான் கும்பிட்டான். "இயேசுவை விசுவாசிக்காம போனவருக்குப் பரலோகம் இல்லம்மா" என்று போதகர் வருத்தத்தோடுதான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் வேலை பார்க்கும் சிவகாசி காலண்டர் கம்பெனியில் மல்லிகா அக்கா பஹாய் மதத்தைச் சேர்ந்தவர். அவரிடம் சொல்லி அழுதேன்.

"நாங்களும் இயேசுவைக் கடவுள் அனுப்புனவருன்னுதான் நம்புறோம். ஆனா நரகம்னு தனியா ஒரு எடம் இல்ல தாயி. கடவுளை விட்டுத் தூரமா இருக்குறதுதான் நரகம். செத்த பெறகும் ஒங்கண்ணன் அவருகிட்ட நெருங்கிப் போகலாம். நாம ஜெபிச்சா அதுக்கு ஒதவும்."

நெஞ்சு லேசானது. "அப்ப இயேசு உயிர்த்தெழுந்ததையும் நம்புறீகளாக்கா?" என்று ஆசையோடு கேட்டேன்.

அவர் தயங்கினார். "ஒடம்போட எந்திரிச்சாருன்னு நாங்க சொல்றதில்ல. சோர்ந்து கெடந்த சீடர்களோட நம்பிக்கைதான் உயிர்த்துச்சுன்னு எடுத்துக்கிடுவோம்."

அண்ணனுக்காக இவர் சொல்வதை நம்பினால், என் ஈஸ்டரை என்ன செய்வது?

அக்கா கண்ணை மூடி, அண்ணன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். முடிந்ததும் என் வாய் தானாக "ஆமென்" என்றது.

இப்போதும் சபையில் எல்லாரும் ஜெபிக்கும்போது அவன் பெயரைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்கிறேன். அது சரியா என்று போதகரிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.