முகத்துவாரம் சொன்ன எல்லை

இறக்கக்கண்டிக்கு வடக்கே எங்கள் ஊரில், களப்பு என்னும் உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்நாக்கு நீண்டு கிடந்தது. அதன் நுனியில் களப்பு நீர் கடலில் விழும் முகத்துவாரம். கரைவலை இழுக்க அவரவருக்கு உரிய கரைத்துண்டுதான் பாடு; எங்கள் இரண்டு பாடுகளுக்கும் அதுதான் எல்லை. வடக்கே மாமாவின் பாடு, தெற்கே அப்பாவின் பாடு. மாமா என்றால் அப்பாவின் தங்கையைக் கலியாணம் முடித்தவர்.

சண்டை நெருங்கியபோது நாங்கள் அகதி முகாமுக்குப் போனோம். அந்த வருடங்களில் கடற்கரைக்குப் போக எவருக்கும் அனுமதி இல்லை. ஒவ்வொரு மாரிக்காலத்திலும் ஊர்கூடி முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும் வழக்கம் நின்றது. வாடைக்காற்று கொண்டுவந்த மணல் கேட்பாரில்லாமல் தெற்கே வளர்ந்தது. நாங்கள் திரும்பியபோது முகத்துவாரம் எங்கள் பாட்டைத் தாண்டிக் கற்பாறைகளின் பக்கம் போயிருந்தது. அப்பா வலை இழுத்த கரையில், எங்களுக்கு முந்தித் திரும்பியிருந்த மாமாவின் தோணி நின்றது.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியது.

"மச்சான், அது ஆரின்ர பாடெண்டு உங்களுக்குத் தெரியாதே?" என்று அப்பா கேட்டார்.

"முகத்துவாரம் எங்கயோ அங்கதான் எல்லை. கடல் தந்ததை நான் வேண்டாமெண்டு சொல்ல ஏலுமோ?" மாமா கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் செய்தார். பிறகு என்னைப் பார்த்தார். "படிச்ச மருமோனிட்டயும் கேளுங்கோவன். புத்தகத்தில வேற இடத்தில கோடு கீறிக் கிடக்கோ தெரியாது."

முற்றமே சிரித்தது. எங்களுக்கு மிஞ்சியது பாறைக்கரை. வலை போட்டால் கிழியும். தென்மேற்குக் காற்று வீசும் அந்தச் சோளகம் முழுக்க அப்பா தன் பழைய பாட்டிலேயே நின்று மாமாவின் வலையைக் கூலிக்கு இழுத்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது திருகோணமலைப் பட்டணத்தில் உயர்தர வகுப்பில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். வெயிலும் மழையும் மலைப்பாறையை உடைக்கும், ஆறு அதை அரைத்துக் கொண்டுவரும், கடல் அள்ளி வைக்கும் என்று அதுவரை சோதனைக்காகப் பாடமாக்கி வைத்திருந்தேன். இப்போது மாமாவுக்காகப் படித்தேன். மணல்நாக்கு நீள நீள, வெள்ளம் கடலைச் சேரச் சுற்றிப்போக வேண்டும். வழி கிடைத்தால் அது மிக ஒடுங்கிய இடமான நாக்கின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேரே போகும். விடுமுறையில் வந்தபோது, இராணுவக் காவலரணில் பாஸைக் காட்டிவிட்டு மணல்நாக்கு முழுவதும் நடந்தேன். கழுத்து எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. மாமாவின் வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் நின்றபோது ஒரு காதில் கடலும் மறு காதில் களப்பும் கேட்டன.

மாரி வந்தது. களப்பு ஏறி வயலுக்குள் புகுந்தது. மண்வெட்டிகளோடு வந்த வயற்காரர்கள், மணல் மூடிக்கிடந்த தெற்கு முகத்துவாரத்தை நோக்கி நடந்தார்கள்.

"அவ்வளவு தூரம் ஏன் போறியள்? இந்த இடம்தான் ஒடுக்கம். இங்க வெட்டினா தண்ணி கெதியா இறங்கும்" என்று மாமாவின் வாடியடியில் அவர்களை மறித்துச் சொன்னேன்.

"தம்பி சொல்றது சரிபோலதான் கிடக்கு" என்றார் ஒரு வயற்காரர்.

மாமா சிரித்தார். "வெட்டுங்கோ, வெட்டுங்கோ. வாத்தியார் சொல்லிப்போட்டார். நாளைக்கே கடல் மூடிப்போடும்."

எந்தப் பாட்டில் வெட்டுகிறார்களோ, அந்தப் பாட்டுக்காரர்தான் தேங்காய் உடைத்து முதல் கொத்துப் போடவேண்டும் என்பது வழக்கம். மாமா தன் கையாலேயே போட்டார். அந்தக் கொத்தின் சத்தம் இப்போதும் எனக்கு இனிக்கிறது.

முதலில் விரல் தடிப்பில் ஒரு நீர்க்கோடு. பிறகு இரு கரையும் பாளம் பாளமாக இடிந்தன. பின்னேரத்துக்குள் அங்கே ஒரு ஆறு ஓடியது. மாமா தோணியைத் தெற்கே இழுக்க ஓடிய நேரத்தில் வாடியின் தூண்மரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து கடலுக்குப் போயின. நான் ஓடவில்லை. கைகட்டி நின்று பார்த்தேன்.

சோளகம் தொடங்கும்போது தெற்கு முகத்துவாரம் தூர்ந்து கால் நனையாமல் நடக்கக்கூடியதாக இருந்தது. புதிய முகத்துவாரம் மாமாவின் வாடி நின்ற இடத்துக்கும் வடக்கே திறந்து கிடந்தது. மறுபடியும் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. இந்த முறை கற்பூரத்தை நான் கொண்டுபோனேன்.

"முகத்துவாரம் எங்கயோ அங்கதான் எல்லை. இது என்ர சொல்லில்லை மாமா, உங்கட சத்தியம்."

எவரும் சிரிக்கவில்லை; மாமா வலை இழுத்த கரையும் எங்கள் பாடானது. அப்பா என் கையைப் பிடித்து, "போதுமடா" என்றார். எனக்குப் போதவில்லை.

சில நாள் கழித்து மாமா எங்கள் வேலிப் படலையடியில் வந்து நின்றார். "மச்சான், பாதிப் பாடாவது..." என்று தொடங்கினார். அப்பாவின் முகம் இளகியதைக் கண்டு நான் முந்திக்கொண்டேன்.

"கயிறிழுக்க ஆள் வேணும் மாமா. கூலிக்கு."

மாமா என் பக்கம் திரும்பினார். "முகத்துவாரம் திரும்பவும் தெற்க வரும்தானே?"

"ஓம், வரும். எங்கயோ ஒரு மலை வெடிச்சு, கரைஞ்சு, ஆத்தோட வந்து, மாரிக்கு மாரி கடல் அள்ளிப் போடவேணும். நீங்கள் கயிறை இழுத்துக்கொண்டு பாத்திருங்கோ."

மறுநாள் விடிய மாமா வந்தார். அப்பா கூலிக்கு நின்ற அதே இடத்தைக் காட்டி, அங்கேயே நிற்கச் சொன்னேன்.