தொப்பிக்கு வந்த சீக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அடையாற்றங்கரை பங்களா ஒன்றில் நான் தோட்டக்காரனாக இருந்தேன். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். அப்போது ஆறு வரைக்கும் புன்னை மரங்கள்தான். பூ உதிர்ந்தால் மண்ணே தெரியாது. பெருக்க மனசு வராமல் துடைப்பத்தோடு அப்படியே நிற்பேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "பூவிலேயே நின்னுட்டீங்க மாமா, பொண்ணு எங்க?" என்கிறாள். வருகிறேன்.

மயிலாப்பூரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் எனக்குப் பெண் பார்த்துப் பரிசம் போட்டிருந்தார்கள். பங்களா துரை ஒரு டாக்டர். அவர் மனைவி துரைசாணி, பெண்ணைப் பார்க்க ஆசைப்பட்டாள். ஒரு சாயங்காலம் என் அம்மா பெண்ணை அழைத்து வந்தாள். பச்சைச் சேலை, ஜடையில் தாழம்பூ. அந்தக் காற்றில் அவள் வந்தது, ஆறே கரையேறி வந்த மாதிரி இருந்தது.

துரைசாணி அவளை மேலும் கீழும் பார்த்து, "ஷீக்! வெரி ஷீக்!" என்றாள்.

அம்மா என்னை மரத்தடிக்கு இழுத்தாள்.

"கேட்டியா நைனா? டாக்டரு பொண்டாட்டியே சொல்லிட்டா, பொண்ணுக்கு சீக்காம்! வெரி சீக்காம்! இந்தக் கல்யாணம் வாணாம்."

அந்தப் பெண்ணின் காதிலும் அது விழுந்துவிட்டது. அவள் அழவில்லை. நேராகத் துரைசாணி முன்னால் போய், லொக் லொக்கென்று இருமிக் காட்டி, "நானா சீக்கு?" என்று கேட்டாள்.

துரைசாணி முதலில் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். தன் இறகுத் தொப்பியைக் கழற்றிக் காட்டி "ஷீக்" என்றாள். வாசலில் நின்ற புது மோட்டாரைக் காட்டி, அதற்கும் "ஷீக்" என்றாள்.

பெண் திரும்பினாள்.

"அத்தே, தொப்பிக்கும் சீக்காம், மோட்டாருக்கும் சீக்காம். கஷாயம் வெச்சி எடுத்தாரட்டா?"

"வாயப் பாரு இவளுக்கு!" என்று அம்மாவே சிரித்துவிட்டாள். 'ஷீக்' என்பது சோக்கு, அதாவது அழகு, நாகரிகம் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் வார்த்தை, இங்கிலீஷ்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்று பட்லர் அப்புறம் சொன்னார்.

கல்யாணத்துக்குப் பிறகு புதுச்சேலை கட்டும்போதெல்லாம் அவள், "சீக்கா கீறனா?" என்று கேட்பாள். கடைசியில் நிஜமாகவே படுக்கையில் விழுந்தபோதும் கேட்டாள். "வெரி சீக்கு" என்றேன். சிரித்தாள்.

இன்றைக்கும் யாராவது சீக்கு என்று சொன்னால் எனக்கு நோய் ஞாபகம் வருவதில்லை. புன்னைப்பூ மேல் ஒரு பச்சைச் சேலை நடந்து வருகிறது.