அச்சுக்குள் புகுந்த தண்ணீர்

மீனாட்சிபுரத்துக்குத் தெற்கே, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வருகிற இரண்டாவது தென்னந்தோப்பை ஊரில் பட்டாளத்துத் தோப்பு என்பார்கள். தோப்புக்காரர் அருள்குமாரின் குடும்பத்தில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. ராணுவம் கழித்துவிட்ட இரண்டு சக்திமான் லாரிகளை அவர் அங்கே தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். அதனால் வந்த பெயர். ஒன்று ஓடும். இன்னொன்று, ஓடுகிற வண்டிக்குச் சாமான் கழற்றிக் கொடுத்தே பாதி வண்டியாகிப் போனது.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. தென்னையும் ஆறு கறவை மாடுகளும்தான் பிழைப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் டிராக்டர் டிரெய்லருக்கு ஓர் அச்சு வாங்கலாம் என்று கோயமுத்தூர்ப் பக்கம் ஏலத்துக்குப் போனவர், அச்சை விட்டுவிட்டு ஒரு முழு லாரியோடு திரும்பி வந்தார். அதில் தேங்காய் ஏற்றியதில்லை, வாடகைக்கு விட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் கறந்து முடித்ததும் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். கிரீஸ் அடிப்பது, டீசல் குழாயில் காற்று எடுப்பது, துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு அது இளகும்வரை காத்திருப்பது என்று பொழுது போகும். சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டும். அவர் மனைவி யோகப்பிரியா பால் சொசைட்டியில் பால் அளப்பவள். "எனக்குச் சளி புடிச்சா அவருக்குத் தெரியாதுங்க. அந்த வண்டி இருமுனாத் தெரிஞ்சிரும்" என்று பால் ஊற்ற வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மாரீஸ்வரன் பழக்கமானதும் லாரியால்தான். மூணாறை அடுத்த சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவன் ஃபிட்டர். காட்டில் மரம் வெட்டிய பழைய கூப்பு ஒன்றில் மட்கிக் கிடந்த சக்திமானைப் படம் எடுத்து, பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். முன் சக்கரத்துக்கான ஒரு சாமானைத் தேடி அலைந்துகொண்டிருந்த அருள்குமார் அவனை அழைத்துக் கேட்டார். அவன் அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றி உடுமலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினான். அதன்பின் நேரில் பார்த்தது இரண்டு முறைதான். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது போனில் ஆயிலையும் நட்டையும் பற்றிப் பேசுவார்கள்.

போன ஆகஸ்டில் விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், காலை ஆறு மணிக்கு அவன் அழைத்தான்.

"அண்ணே, இங்க உருள் பொட்டிருச்சுண்ணே. மலை அப்படியே சரிஞ்சு ஒரு லயத்து வீடுக எல்லாத்தையும் மூடிருச்சு. ஆத்துப் பாலமும் போச்சு. சனம் அந்தக் கரையில நிக்கி. ஜீப்பை இறக்குனா தண்ணி இழுத்துட்டுப் போவுது. ஒங்க வண்டி இறங்குமாண்ணே?"

அருள்குமார் யோசிக்கவில்லை. "இறங்குமுங்க. கெளம்பிட்டேன்னு வெச்சுக்குங்க" என்றார்.

யோகப்பிரியா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலை ஏறினார். அந்த வண்டி நாற்பதுக்கு மேல் போகாது. மூணாறு தாண்டியதும் வழியில் இரண்டு இடத்தில் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். வண்டியின் உயரத்தைப் பார்த்துவிட்டு அவர்களே சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து விட்டார்கள். போய்ச் சேரும்போது மத்தியானம் இரண்டரை.

ஆற்றங்கரையில் மாரீஸ்வரன் இடுப்புவரை சேறாக நின்றான். தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு மேலே ஓடியது. நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் கம்பியை இழுத்துப் போட்டு, முதல் கியரில் அருள்குமார் வண்டியை இறக்கினார். மாரீஸ்வரன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கம்பு ஊன்றிப் பாறை இல்லாத இடமாகப் பார்த்து முன்னால் நடந்தான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அக்கரையில் ஏறியது. கரையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த நேரம் அருள்குமாருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷம் படுத்துப் படுத்து வேலை பார்த்த வண்டி ஒரு காரியத்துக்கு ஆகிவிட்டது என்று நினைத்தார்.

அன்றும் மறுநாள் காலையும் உயிரோடு இருந்தவர்களை இக்கரைக்குக் கொண்டுவந்தார். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் அக்கரைக்குப் போயின. மறுநாள் மத்தியானத்துக்கு மேல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவர்களை ஏற்றத் தொடங்கினார்கள். ஆம்புலன்ஸ்கள் இக்கரையில்தான் நிற்க முடிந்தது. நடுவில் இருந்த அரைக் கிலோமீட்டர் இவருடைய வண்டிக்கு விழுந்தது. எத்தனை நடை போனார் என்று அவருக்குத் தெரியாது. பின்பக்கம் ஏற்றும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கியரைப் போடுவார். பிற்பாடு யோசித்துப் பார்த்தாலும் அந்த நாட்களிலிருந்து அவருக்குத் துல்லியமாக நினைவு வந்தது, எந்தப் பாறைக்கு முன்னால் கிளட்சை மிதிக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

மூன்றாம் நாள் ஒரு நடையில், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ரேஷன் கடைப் பை ஒன்று. பின்னால் கிடத்தியிருந்தவர்களில் அவளுடைய மகளும் ஒருத்தி என்று ஏற்றிவிட்ட மாரீஸ்வரன் சொன்னான். அந்த அம்மாவின் பேர் முத்துப்பேச்சி.

வண்டி நகர்ந்ததும் அவள் சொன்னாள், "தம்பி, காலு ரெண்டும் வெறைச்சுப் போச்சு. சூடு வைக்க எதும் இருக்கா?"

"இந்தத் தகட்டு மேல வையுங்கக்கா. கீழ கியர்ப்பெட்டி. நல்லாச் சுடும்."

அவள் இரண்டு பாதங்களையும் தகட்டின் மேல் வைத்தாள். சேறு காய்ந்து உதிர்ந்தது. ஆற்றைக் கடப்பதற்குள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். இக்கரையில் நிறுத்திய பிறகும் அருள்குமார் எஞ்சினை அணைக்கவில்லை. பின்னால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவளை எழுப்ப வேண்டும் என்று தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் வந்து கதவைத் திறந்து, "அம்மா, பேரு பறயணும், ரெஜிஸ்டர்ல எழுதணும்" என்றபோது அவளே விழித்து இறங்கிப் போனாள். பை இருக்கையில் இருந்தது. அருள்குமார் அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பினார்.

ஐந்தாம் நாள் தற்காலிகப் பாலம் போட்டார்கள். அவர் ஊருக்கு வந்தார்.

வந்ததும் குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார், மறுநாள் விடிகாலையில் பால் கறந்தார். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. செய்தி பரவி, ஊரில் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டியபோது யாருக்குத் தட்டுகிறார்கள் என்று அவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ஒருநாள் யோகப்பிரியா ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு ஒரு வாய் வைத்த யோகப்பிரியா தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

"ஏனுங்க, மனசுல என்ன இருக்குதுன்னு எங்கிட்டயாச்சும் சொல்லுங்களேன்."

"ஒண்ணுமில்ல புள்ள. நெசமாவே ஒண்ணுமில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

லாரியை அவர் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. ஆற்றில் இறங்கிய வண்டிக்கு அச்சுக்கூட்டில் தண்ணீர் புகுந்திருக்கும், உடனே ஆயிலை வடித்து மாற்றாவிட்டால் உள்ளே துரு ஏறிவிடும். வேறு யாராவது இப்படி விட்டிருந்தால் வீடு தேடிப் போய்த் திட்டியிருப்பார். சக்கரங்களில் அந்த ஊர்ச் சிவப்பு மண் அப்படியே காய்ந்திருந்தது. கொட்டகைப் பக்கம் போகிற வழியைக்கூட மாற்றிக்கொண்டார்.

நவம்பர் கடைசியில் மாரீஸ்வரன் பஸ் ஏறி வந்தான். யோகப்பிரியாதான் அவனுக்குப் போன் செய்திருந்தாள், கணவரிடம் சொல்லாமல். டீ குடித்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனான். அருள்குமாரும் பின்னால் போனார். மாரீஸ்வரன் படுத்து, அச்சின் அடிப்பக்க மூடியைத் திருகி, கீழே தகர டப்பாவைப் பிடித்தான். தண்ணீர் கலந்த ஆயில் வெள்ளையாக வழிந்தது.

"மோரு மாதிரி வருதேண்ணே. நீங்களா இப்படி விட்டீங்க?"

"நான்தான் விட்டேன்."

அவன் வெளியே வந்து எழுந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இரண்டு நாள் வேலை. ஜாக்கி வைத்துச் சக்கரங்களைக் கழற்றினார்கள். பின் அச்சில் ஒரு பேரிங் முழுவதும் துருவேறிப் பொரிந்து போயிருந்தது. மற்றவற்றைக் கழுவித் துடைத்தார்கள். மாற்றுப் பேரிங்குக்கு, ஓடாத அந்தப் பாதி வண்டியின் பின் அச்சைப் பிரிக்க வேண்டி வந்தது. பேச்செல்லாம் ஸ்பானர் நம்பரைக் கேட்பதோடு சரி.

இரண்டாம் நாள் சாயங்காலம் சக்கர நட்டை முடுக்கிக்கொண்டே மாரீஸ்வரன் சொன்னான்:

"முத்துப்பேச்சியக்கா இப்ப வண்டிப்பெரியாறுல அவுக தங்கச்சி வீட்டுல இருக்காக. போன மாசம் பாத்தேன். அந்தப் பட்டாள வண்டித் தம்பி நல்லா இருக்கானான்னு கேட்டாக."

அருள்குமார் கிரீஸ் கையைக் கைலியில் துடைத்தார். "நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்காருன்னேன். வேற என்ன சொல்லட்டும்?"

"எனக்கு அழுகையே வரலை மாரீஸ்வரா. ஒரு தடவகூட."

"எனக்குந்தான் வரலை. ஃபேக்டரிக்குப் போறேன், வாரேன். அந்த லயத்துல எட்டுப் பேரு எங்கூடப் படிச்சவுக." அவன் ஸ்பானரின் மேல் காலை வைத்து மிதித்து இறுக்கினான். "அந்தப் பதினெட்டைக் குடுங்க."

அருள்குமார் எடுத்துக் கொடுத்தார்.

புது ஆயில் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்கள். மூன்றாவது தடவைக்குப் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் கரையில் இரண்டு மைல் போய்த் திரும்பினார்கள். அச்சில் சத்தம் இல்லை. நன்றாக ஓடுகிறது என்று அருள்குமாருக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு நின்றது. முன்பெல்லாம் அதற்கு அப்புறம் ஒன்று வரும், அது வரவில்லை. மறுநாள் மாரீஸ்வரனை பஸ் ஏற்றிவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய வழக்கப்படி கைலியை மாற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். யோகப்பிரியா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் ஒரே குரலில் எழுந்து வந்துவிட்டார். அவளுக்கு அது என்னவோ போல் இருந்தது.

இந்த வருஷம் மே மாதம், பேரிடருக்கு உதவுகிற வண்டிகளின் பட்டியல் எழுத வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். வண்டி எண்ணையும் போன் எண்ணையும் கேட்டார். அருள்குமார் சொன்னார். கையெழுத்துப் போடும்போது யோகப்பிரியா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆபீஸ்காரர் போன பிறகு கேட்டாள், "மறுபடியும் போவீங்களா?"

"கூப்பிட்டாப் போகோணுமல்ல."

"தாங்குமா உங்களுக்கு?"

"தெரியலை புள்ள. வண்டி தாங்கும்."

ஜூன் முதல் மழையில் ஒருதரம் கூப்பிட்டார்கள். கோவிந்தாபுரம் சாலையில் ஒரு புளியமரம் குறுக்கே விழுந்து பஸ் நின்றுவிட்டது. சங்கிலி கட்டி இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டு வந்தார். பஸ்ஸிலிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையசைத்தார்கள். அவரும் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி அசைத்தார். மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். யோகப்பிரியா சோறு போட்டாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, குழம்பில் புளி கூடிவிட்டது என்றார்.