கொக்கி பிய்ந்த ஜாக்கெட்டோடு வந்தவர்

சரளாக்கா இறந்த செய்தி நம் பழைய அலுவலக வாட்ஸாப் குழுவில்தான் எனக்கு வந்தது. காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுக் கைப்பேசியைத் திறந்தேன். யாரோ சேதியைப் போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாக அழும் மஞ்சள் முகங்கள், கைகூப்பிய படங்கள், அசைந்து எரியும் மெழுகுவத்தி ஒன்று. ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். பார்த்துவிட்டாராம். அதற்கும் கீழே ஒருவர் "தங்கமான மனசு" என்று எழுதியிருந்தார். சரளாக்காவுக்குக் 'கஞ்சக்கா' என்று பெயர் வைத்தவரே அவர்தான். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும்.

அம்பத்தூரில் ஹால் பிடித்து இரங்கல் கூட்டம் நடத்தப்போகிறீர்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். இரண்டு வார்த்தை என்றால் 'நல்லவர்' என்றும் 'வல்லவர்' என்றும்தான் சொல்லலாம். அவர் அதைவிடப் பெரியவர். அதனால் எழுதி அனுப்புகிறேன். விரும்பினால் படியுங்கள்.

பிந்திச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் உதிரிபாகக் கம்பெனியில் நான் கணக்குப் பிரிவில் இருந்தேன், சரளாக்கா டெஸ்பாட்ச்சில். திருமுல்லைவாயிலில் பிறந்து வளர்ந்தவர். கணவர் போன பிறகு தங்கை வீட்டோடு இருந்தார். மேலாளர் ஒருவர் அந்தப் பக்கம் புது ஃபிளாட் வாங்கிவிட்டுப் பால்கனியின் அழகைப் பேசித் தீர்த்தபோது, "எங்கம்மா நாத்து நட்ட எடத்துலதான் சார் உங்க லிஃப்டு ஏறி எறங்குது" என்றார். மேலாளர் சிரித்தார். சரளாக்கா சிரிக்கவில்லை.

நம் ஆபீசில் பிறந்தநாள் கமிட்டி என்று ஒன்று இருந்தது. எல்லோரிடமும் வசூல் செய்து, கேக் வெட்டி, பெயர் அச்சடித்த காபிக் கோப்பையைப் பளபளக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கும் சிரமமே அந்தக் கமிட்டிக்குக் கிடையாது. பெயரை மட்டும் மாற்றினால் போதும். சரளாக்கா கடைசிவரை அதற்கு ஒரு பைசா தரவில்லை. "கடையில கீறதை எட்த்தாந்து குடுக்கறதுக்கு நீ எதுக்கு? கடைக்காரனே குடுத்துட்டுப் போறான்" என்பார்.

பேக்கிங்கில் இருந்த தீபாவின் பிறந்தநாள் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று மாலை ஆவடியில் அவள் மகள் பள்ளி மேடையில் முதல்முறையாக ஆடப்போகிறாள். இங்கே ஸ்டாக் எடுக்கும் நாள். லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முகம் வீங்க நின்றவளுக்கு நீங்கள் கேக் ஊட்டிப் படம் எடுத்தீர்கள். சரளாக்கா அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, "உன்து நான் பாத்துக்கறேன். ஓடு. புள்ள பேரை மைக்குல சொல்றப்போ நீ அங்க இருக்கணும்" என்று தள்ளிவிட்டார். தன் வேலையோடு அவள் வேலையையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். நீங்கள் கொடுத்த கோப்பையில் தீபா வீட்டில் பல்துலக்கும் பிரஷ்களை வைத்திருக்கிறார்கள்.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது அதற்குப் பிறகு. உயிருக்கு ஆபத்தில்லை, வலக்கை மட்டும் தளர்ந்துபோனது. பட்டாபிராமில் என்னோடுதான் இருந்தார். ஓயாமல் ஏதாவது செய்துகொண்டே இருந்த மனுஷி. இப்போது அவர் எழுந்தாலே வீட்டில் யாராவது "நீ உட்காரும்மா" என்பார்கள். உட்கார்ந்தார். சில மாதங்களில் பேச்சும் குறைந்துவிட்டது. பார்க்க வந்த உறவினர்கள் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் கொண்டுவந்து, அவரிடம் பேசாமல் என்னிடம் அவரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சரளாக்கா ரயிலேறி வந்தார். பழம் கிழம் ஒன்றும் இல்லை. தோள்பையிலிருந்து பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்து அம்மா மடியில் போட்டார். கொக்கிகள் பிய்ந்து தொங்கின.

"யம்மா, இதுக்குக் கொக்கி வெச்சுக் குடு. டைலராண்ட போனா நாளைக்கு வா, நாளைக்கு வான்றான்."

அம்மா தன் வலக்கையைப் பார்த்தார். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிம்மா?"

"எனக்கு இன்னா அவசரமா? வர்ற ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கினு போறேன். கோணலா வெச்சே, பிரிச்சுட்டுத் திரும்ப வெக்கச் சொல்வேன். பாத்துக்கோ."

வாசல்வரை பின்னாலேயே போய், எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, "ஏன்க்கா இப்படி?" என்றேன்.

"உங்கம்மாவுக்கு அல்லாரும் குடுத்துகினே கீறாங்க. அவங்களாண்ட எவனாவது ஒண்ணு கேட்டானா?" என்றார்.

அந்த வாரம் முழுவதும் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து இடக்கையில் ஊசியும் வலக்கையில் துணியுமாகப் போராடினார். நூல் கோக்க நான் கைநீட்டினேன். "தொடாதே. அவ என்கிட்ட குடுத்தது" என்று சீறினார். அந்தச் சீற்றத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஞாயிறன்று சரளாக்கா வந்து ஜாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கோணலா கீது" என்று, கொஞ்சமும் தயங்காமல் மேல் கொக்கியைப் பிரித்தார். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ மொதல்ல ஒழுங்கா போடக் கத்துக்கோ. இழுத்து இழுத்துப் பிச்சு வெச்சிருக்கே!" என்று கத்தினார். இருவரும் சரிக்குச் சரி சண்டை போட்டார்கள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

அந்தச் சண்டையின் நடுவில்தான் என் தம்பி வந்தான். மென்பொருள் கம்பெனியில் பெரிய வேலை. அரை மணி தூரத்தில் சென்னீர்குப்பத்தில் இருந்துகொண்டு அம்மாவை வீடியோவில் பார்ப்பவன். அம்மாவின் பிறந்தநாளுக்காக மின்சாரத்தில் ஓடும் மசாஜ் நாற்காலி ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அது கூடத்தில் இறங்கும் முன்பே 'அம்மாதான் என் உலகம்' என்று ஸ்டேட்டஸ் போட்டாகிவிட்டது. உள்ளே வந்தவன் அம்மா கையில் ஊசியைப் பார்த்தான்.

"அக்கா, யாரு இவங்க? எங்கம்மா என்ன இவங்களுக்குத் தையல்காரியா?"

சரளாக்கா நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். "குந்திகினே கீறவங்களுக்கு இன்னொரு சேரா நைனா?"

"நீங்க மொதல்ல கிளம்புங்க" என்றான் தம்பி.

அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "நீ கிளம்புடா. அவ ஜாக்கெட்டு இன்னும் முடியல" என்றார்.

தம்பி கிளம்பிவிட்டான். சரளாக்கா டீ குடித்துவிட்டு, கொக்கி முடியும்வரை இருந்து வாங்கிக்கொண்டு போனார். நாற்காலி இன்னும் இருக்கிறது. துவைத்த துணிகளை மடிக்கும்வரை அதில்தான் குவிக்கிறோம். அவற்றுக்கு உடம்புவலி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அம்மா இப்போது எங்கள் குடியிருப்பில் பாதிப்பேருக்குப் பித்தான் வைத்துக் கொடுக்கிறார். திட்டிக்கொண்டேதான் கொடுக்கிறார்.

அந்த ஜாக்கெட்டைச் சரளாக்கா ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் சிரித்தீர்கள். "கொக்கி கோணலா இருக்கேக்கா" என்று கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னார். "தெரியும். பெரிய எடத்துல தெச்சது" என்றார் சரளாக்கா.

அவருக்குச் சிறுநீரகம் பழுதானபோது நீங்களும் பார்க்கப் போனீர்கள், மறுக்கவில்லை. கண்ணாடித்தாள் சுற்றிய பழக்கூடையோடு போனீர்கள். வாழைப்பழமும் ஆரஞ்சும் அவருக்கு ஆகாது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். கூடையை அவர் மடியில் வைத்து, சுற்றி நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டீர்கள். படத்தில் எல்லோரும் காமிராவைப் பார்க்கிறீர்கள். அவர் மட்டும் கூடையைப் பார்க்கிறார்.

நானும் ஒரு மதியம் போனேன். டயாலிசிஸ் முடிந்து வந்து கட்டிலில் படுத்திருந்தார். நான் கெட்டிக்காரி என்ற நினைப்பில் முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். "எங்க வீட்டுக்கு இதை ஆய்ஞ்சு குடுங்கக்கா" என்று நீட்டினேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் வித்தைய என்னாண்டயே காட்றியா? உங்கம்மாவுக்கு வேலை இல்லாம பைத்தியம் புடிச்சுது. நான் பொறந்ததுலேர்ந்து வேலை செஞ்சுகினு கீறேன் கீதா. ஆளைப் பாரு மொதல்ல. அத்த அப்பால வை. கால் இழுக்குது, அமுக்கு."

கட்டிலில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்து அமுக்கினேன். ஆடுசதை கல்லாக இறுகியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அவர் வாய் திறந்து, குறட்டைவிட்டுத் தூங்கிப்போனார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. வெயில் சாயும்வரை கையை எடுக்காமல் இருந்தேன்.

கூட்டத்தில் அவர் படத்துக்குச் சந்தனமாலை போடுவீர்கள், கமிட்டி வாங்கியிருக்கும். போடுங்கள். நான் வரப்போவதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மதியம் ஒன்றுதான். கண்விழித்தவர் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் குந்திகினா கீறே?" என்று கேட்டுவிட்டு, மற்ற காலையும் தூக்கி என் மடியில் போட்டார்.